ப்ராஃபரா, டெண்டரா? இதுல கை நீட்டுறது யாரு?

வண்ணைவாசி எழுதியது:

மக்களே, ஒரு லெட்டர் பஞ்சாயத்து. என் மச்சான் சின்ன லெவல் காண்ட்ராக்டர். வடிகால் தூர்வார்றது, உடைஞ்ச மூடி மாத்துறது, இந்த மாதிரி வேலைங்க. வடசென்னையில ஒரு ஆபீஸ் டெண்டர் விட்டுச்சு. கவர் பிரிச்சா இவன்தான் கம்மி ரேட்டு, எல்-1. அன்னைக்கே கொருக்குப்பேட்டையில பத்து பேருக்கு பிரியாணி வாங்கிக் குடுத்துட்டான். இப்ப டெண்டரையே ரத்து பண்ணிட்டாங்க, மறு டெண்டர் வருமாம்.

கோவத்துல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதி வச்சிருக்கான். முதல் வரி அப்படியே தர்றேன்: "வி ஹேவ் ப்ராஃபர்ட் அவர் டெண்டர் வித் ஆல் டெண்டர்னெஸ்." கடைசி மூணு வார்த்தையை நானே அடிச்சிட்டேன். மீதியில சந்தேகம். ப்ராஃபர்னா இன்னா? ஆஃபர்னு போட்டா மரியாதைக் குறைவா? இன்னொரு கேள்வியும் இருக்கு. டெண்டர் போடுறோம், ராஜினாமாவை டெண்டர் பண்றோம், ரூபா நோட்டு லீகல் டெண்டர்னு சொல்றாங்க, ஸ்டீம் இன்ஜினுக்குப் பின்னாடி இருந்ததும் டெண்டர்தான். எல்லாம் ஒரே வார்த்தையா? தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.


மூலக்கொத்தளம்_கில்லி எழுதியது:

டெண்டர் கோகோனட்டை உட்டுட்டியே வாத்யாரே. எளநீருக்கு டெண்டர் விட்டது யாருன்னு எனக்கு சின்ன வயசுலேர்ந்து டவுட்டு.


டீச்சரம்மா_தண்டை எழுதியது:

ப்ராஃபர் முதலில். அது ஆஃபரின் பெரிய அண்ணன் மாதிரி நடந்துகொள்ளும் சொல். ஆனால் வயதில் ஆஃபர்தான் மூத்தது.

லத்தீனில் ஃபெர்ரே என்றால் சுமந்து செல்லுதல், கொண்டு வருதல். அதற்கு முன்னால் 'எதிரே' என்று பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்தால் ஆஃபெர்ரே: எதிரே கொண்டு வந்து வைப்பது. இந்தச் சொல்லை இங்கிலாந்துக்குக் கொண்டு போனவர்கள் பாதிரிமார்கள். ஆகவே பழைய ஆங்கிலத்தில் ஆஃபர் என்றால் தெய்வத்துக்குப் படைப்பது, காணிக்கை செலுத்துவது. தள்ளுபடி ஆஃபர், சம்பள ஆஃபர் எல்லாம் பிற்பாடு வந்தவை. இன்றும் சர்ச்சில் காணிக்கை எடுப்பதை ஆஃபரிங் என்கிறார்களே, அதுதான் சொல்லின் பிறந்த வீடு.

ப்ராஃபர் வேறு வழியாக வந்தது. அதே ஆஃபர் பிரெஞ்சுக்குப் போய், 'முன்னால்' என்ற இன்னொரு முன்னொட்டையும் தலையில் வைத்துக்கொண்டது. நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரபுக்களின் பேச்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக 'எதிரே, முன்னால், கொண்டு வந்து நீட்டுவது' என்று இரண்டு முறை முன்னால் வைக்கும் சொல் அது. எடுத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்ற பணிவும் அதில் சேர்ந்திருக்கும். நீட்டிய கை, நீட்டிய கோப்பை, கேட்காமலேயே வழங்கிய ஆலோசனை, இவற்றுக்கெல்லாம் ப்ராஃபர் பொருந்தும். நாவலில் வரும், அலுவலகக் கடிதத்தில் பெரும்பாலும் வராது.

உங்கள் மச்சான் வரிக்கு வருவோம். டெண்டர் என்ற சொல்லுக்குள்ளேயே 'நீட்டுவது' இருக்கிறது. அதைப் போய் ப்ராஃபர் செய்தால், நீட்டியதை நீட்டினோம் என்றாகிறது. சப்மிட் போதும்.


காசிமேட்டான் எழுதியது:

டீச்சர், ஃபெர்ரேனா சுமக்குறதுன்னா ஃபெர்ரி போட்டும் அதுலேர்ந்துதானா? ஆளைச் சொமந்துகினுதானே போவுது.


டீச்சரம்மா_தண்டை எழுதியது:

இல்லை. அப்படித்தான் தோன்றும், ஆனால் ஃபெர்ரி ஜெர்மானிய வழி. பஸ்ஸில் கொடுக்கிறோமே ஃபேர், வழியனுப்பும்போது சொல்கிறோமே ஃபேர்வெல், அவற்றின் கூட்டாளி அது. பயணம் போவது என்ற வேர்.

ஃபெர்ரேயின் உறவுக்காரர்கள் வேறு. ட்ரான்ஸ்ஃபர், ரெஃபர், ப்ரிஃபர் எல்லாம் அதன் பிள்ளைகள். இன்னும் தூரத்துச் சொந்தம் ஒன்று உங்கள் ஏரியாவிலேயே புழங்குகிறது. ஃபெர்ரேயும் கிரேக்கத்தின் ஃபெரெய்னும் சமஸ்கிருதத்தின் 'ப்ருʼ' என்ற தாதுவும் ஒரே மூலத்தில் பிறந்தவை. அந்தச் சமஸ்கிருதக் கிளையிலிருந்துதான் நமக்கு 'பாரம்' வந்தது. லாரி செட்டில் பாரம் ஏற்றுகிறார்களே, அந்தப் பாரம். ராயபுரம் பக்கம் எத்தனையோ கிறிஸ்டோபர் இருப்பார்கள். கிறிஸ்துவைச் சுமந்தவர் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். பாராஃபெர்னாலியா என்ற சொல்லும் இங்கேதான் சேரும். ஃபெர்னே என்றால் கிரேக்கத்தில் பெண் கொண்டு வரும் சீதனம். அந்தச் சீதனத்துக்கு மேற்பட்டு அவளுக்கே சொந்தமான பொருள்கள்தான் முதலில் பாராஃபெர்னாலியா. இன்று தட்டுமுட்டுச் சாமான் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது, பாவம்.


ஸ்டீம்_தாத்தா எழுதியது:

இன்ஜின் டெண்டர் பத்தி நான் சொல்றேன். பேசின் பிரிட்ஜ்ல ஃபயர்மேனா ஓடினவன் நான்.

டபிள்யூ.பி.ன்னு பேசஞ்சர் வண்டி இழுக்குற ஸ்டீம் இன்ஜின், அதுக்குப் பின்னால டெண்டர் தனி வண்டியா இணைச்சிருக்கும். முன்பக்கம் கரி, அதுக்குக் கீழயும் பின்னாலயும் தண்ணி. ஓட ஓட கரி தானா முன்னால சரிஞ்சு வரும். வராத பெரிய கட்டியைச் சுத்தியலால உடைக்கணும், இல்லாட்டி ஷவல்ல நிக்காது. டெண்டர் பக்கம் திரும்பி ஒரு ஷவல் அள்ளு, இந்தப் பக்கம் திரும்பி நெருப்பு வாய்க்குள்ள வீசு. மூலையில கொஞ்சம் கூட, நடுவுல கொஞ்சம் கம்மி. நடுவுல மேடாச்சுன்னா ஸ்டீம் ஏறாது, டிரைவர் திட்டுவாரு. முதுகு டெண்டருக்கும் முகம் நெருப்புக்குமா கழிஞ்ச வாழ்க்கை. தண்ணி காலியாச்சுன்னா ஸ்டேஷன்ல வாட்டர் காலம்ங்குற தண்ணிக் குழாய்க் கம்பத்துக்கு நேரா நிறுத்தி ரொப்பணும்.

எங்களுக்கு சார்ஜ்மேன் ஒருத்தர், ஆங்கிலோ இந்தியன், பெரம்பூர்க்காரர், அப்பவே சொல்லுவார்: டெண்டர்னா அட்டெண்டர். இன்ஜினைக் கூடவே இருந்து கவனிச்சுக்குற வண்டி. முன்னால இருந்த 'அட்' கழண்டு போச்சு. கப்பல்லயும் அப்படித்தான், பெரிய கப்பலுக்கு ஆளும் சாமானும் ஏத்தி இறக்குற சின்ன படகுக்கு டெண்டர்னு பேரு. நம்ம மெட்ராசுக்குத் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சதே 1876லதான். அதுக்கு முன்னாடி கப்பலெல்லாம் நடுக்கடல்லயே நிக்கும், அலையைத் தாண்டிக் கொண்டாந்து இறக்குனது மசூலா படகுங்க. கயித்தால தைச்ச பலகை, ஆணி கிடையாது. துரைமாருங்க நனைஞ்சுகினே கரை ஏறுவாங்க. வேலையைப் பார்த்தா அதுவும் டெண்டர்தான், பேரு மட்டும் இல்ல.


மூலக்கொத்தளம்_கில்லி எழுதியது:

தாத்தா, தீயணைப்பு வண்டியையும் ஃபயர் டெண்டர்னுதானே சொல்றாங்க?


ஸ்டீம்_தாத்தா எழுதியது:

ஆமா. அதுவும் கூட இருந்து கவனிக்குற வண்டிதான்.


டீச்சரம்மா_தண்டை எழுதியது:

தாத்தா சொன்னது ரொம்பச் சரி. அட்டெண்ட் என்பது லத்தீன் டெண்டெரேயில் பிறந்தது. டெண்டெரே என்றால் நீட்டு, இழு, விறைப்பாகப் பிடி. மனத்தை ஒன்றை நோக்கி நீட்டுவது அட்டெண்ட். கையில் இருப்பதை நீட்டுவது டெண்டர். இன்ஜின் டெண்டரும் காண்ட்ராக்ட் டெண்டரும் ஒரு தாய் பெற்றவை, இடையில் வெவ்வேறு வீட்டில் வளர்ந்தவை.

இளநீர் டெண்டர் மட்டும் வெளியாள். அது லத்தீனில் டெனெர், இளசு என்று பொருள். இரண்டும் பிரெஞ்சுக்குப் போனபோது ஒரே மாதிரி தேய்ந்து 'தாந்த்ர்' என்று ஒரே உச்சரிப்பாகிவிட்டன. பிரெஞ்சில் இன்றும் நீட்டுவதற்கும் மென்மைக்கும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. ஆங்கிலம் இரண்டையும் அப்படியே வாங்கிக்கொண்டது. கில்லிக்குச் சின்ன வயதுச் சந்தேகம் தீர்ந்ததா?

டெண்டெரேயின் குடும்பத்தைப் பார்க்க எந்த அரசு அலுவலகத்துக்கும் போகலாம். வாசலில் அட்டெண்டர். உள்ளே சூப்பரின்டெண்டென்ட். அவர் மேசையில் டெண்டர் ஃபைல். அதற்கு எக்ஸ்டென்ஷன் கேட்டு ஒருவர் நிற்பார், அவருக்கு டென்ஷன். ஐந்தும் ஒரே வேர். அந்தக் காலத்தில் டென்ட் கொட்டாயில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு: இழுத்துக் கட்டிய துணிதான் டென்ட், அதுவும் இதே. சமஸ்கிருதப் பக்கம் போனால் தந்து, தந்திரீ. அங்கிருந்து நமக்கு வந்த தந்தி. வீணையில் இழுத்துக் கட்டியதும் தந்தி, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டிய கம்பியில் போன செய்தியும் தந்தி.


எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ் எழுதியது:

ப்ரிடெண்ட்?


டீச்சரம்மா_தண்டை எழுதியது:

அதுவும். முன்னால் நீட்டிப் பிடிப்பது. பொருளின் அமைப்பில் ப்ராஃபரும் ப்ரிடெண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று உபசாரமாகிவிட்டது, மற்றொன்று பாசாங்காகிவிட்டது.


எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ் எழுதியது:

அப்ப டம்மி டெண்டர் போடுறவனுங்களுக்குச் சரியான பேரு கிடைச்சிருச்சு. ஒரே ஆளு மூணு பேருல மூணு ரேட்டு போடுவான், எல்லா கவர்லயும் ஒரே கையெழுத்து. இப்ப ஆன்லைன் ஆனதுல கையெழுத்து தெரியறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.


கறுப்பு_கோட்டு எழுதியது:

பாரிமுனையிலிருந்து நான். சொல் ஆராய்ச்சி நன்றாகப் போகிறது. ஆனால் வண்ணைவாசியின் மச்சானுக்கு உதவக்கூடிய விஷயத்தை யாரும் இன்னும் தொடவில்லை.

முதலில் டெண்டர் என்ற சொல்லின் வாலைப் பாருங்கள். பிரெஞ்சு வினைச்சொல் ஆங்கிலத்துக்கு வரும்போது பொதுவாக வால் அறுந்துதான் வரும். டிஃபெண்ட், அட்டெண்ட், எக்ஸ்டெண்ட் என்று. டெண்டர் மட்டும் ஏன் 'அர்' என்று முடிகிறது? கோர்ட் வழியாக வந்ததால். இங்கிலாந்து நீதிமன்றங்களில் நெடுங்காலம் பிரெஞ்சில்தான் வாதம். 1362ல் வாய்மொழி வாதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டும், வக்கீல்களின் ஏட்டில் பிரெஞ்சு ஒட்டிக்கொண்டேயிருந்தது. 1730ல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டு, 1733லிருந்துதான் ஆவணங்கள் முழுக்க ஆங்கிலமாயின. அந்த வக்கீல் பிரெஞ்சின் முழு வினை வடிவங்கள் வாலோடு அப்படியே தங்கிவிட்டன: டெண்டர், ரெண்டர், சரண்டர், மெர்ஜர், வேவர். நம் ஊரில் ரவுடி கோர்ட்டில் சரண்டர் ஆகிறான், குமாஸ்தா லீவை சரண்டர் பண்ணிக் காசு வாங்குகிறார், விவசாயி லோன் வேவர் கேட்கிறார். எல்லாம் அந்த வக்கீல்கள் விட்டுப்போனதுதான்.

டெண்டர் கோர்ட் சொல் என்பதால் அதற்கு ஒரு கறார் உண்டு. ஆஃபர் யாரும் எப்படியும் பண்ணலாம். டெண்டர் என்றால் முறைப்படி, எதிராளி எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில், கையில் வைத்து நீட்டியிருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 38ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடமையை நிறைவேற்ற முன்வந்தால் நிபந்தனை இல்லாமல் வர வேண்டும், உரிய நேரத்தில், உரிய இடத்தில். 'நாளைக்கு வாங்க, பாதி தர்றேன்' என்பது டெண்டர் ஆகாது. குற்ற வழக்கிலும் இந்தச் சொல் உண்டு. உடன் குற்றவாளியை அப்ரூவராக மாற்றும்போது நீதிமன்றம் மன்னிப்பை டெண்டர் செய்கிறது. அவன் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும்.

ப்ராஃபருக்கும் பழைய இங்கிலாந்தில் காசுச் சம்பந்தம் இருந்தது. மாவட்ட ஷெரிப்புகள் ஈஸ்டருக்கும் மைக்கேல்மஸ் திருநாளுக்கும் அரசுக் கஜானாவில் கணக்கு முடியும் முன்பே ஒரு தொகையைக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் ப்ராஃபர். நம்ம காண்ட்ராக்டர்கள் டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையை, அதாவது ஈ.எம்.டி.யைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இப்போது மச்சான் விஷயம். 'ஆபீஸ் டெண்டர் விட்டது' என்று ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. ஆபீஸ் எதையும் நீட்டவில்லை. நீட்டியது உங்கள் மச்சான்.


வண்ணைவாசி எழுதியது:

சார், ஊரே 'டெண்டர் விட்டாங்க'ன்னுதானே சொல்லுது. அவங்க விட்டாங்க, இவன் எடுத்தான். எடுத்தப்புறம் எப்படி ரத்து பண்ணுவாங்க? குடுத்த பொருளைத் திருப்பிப் பிடுங்குற மாதிரி இல்ல இது?


கறுப்பு_கோட்டு எழுதியது:

அதைத்தான் சொல்கிறேன். சட்டத்தில் மூன்று படி. ஆபீஸ் போடும் விளம்பரம் வெறும் அழைப்பு: வாருங்கள், உங்கள் ரேட்டைச் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் போடும் கவர்தான் டெண்டர், அதுதான் ஆஃபர். ஒப்பந்தச் சட்டம் அதை ப்ரொபோசல் என்கிறது. ஆபீஸ் ஏற்று உத்தரவு கொடுத்தால்தான் ஒப்பந்தம். எல்-1 என்பது வரிசை எண். ஒப்பந்தம் அல்ல. கவர் பிரித்த அன்று மச்சான் கையில் இருந்தது அவர் நீட்டிய அதே தாள்தான், எதிர்ப்பக்கம் இன்னும் கை வரவில்லை.

அதனால்தான் எந்த டெண்டர் அறிவிப்பை எடுத்தாலும் 'காரணம் கூறாமல் எந்த ஒப்பந்தப்புள்ளியையும் நிராகரிக்கும் உரிமை' என்று ஒரு வரி இருக்கும். அதற்காக அரசு அலுவலகம் இஷ்டத்துக்கு ஆடலாம் என்று அர்த்தமில்லை. டாடா செல்லுலார் வழக்கில் 1994ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை: டெண்டரை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவுக்குள் கோர்ட் புகுந்து மறு முடிவு எடுக்காது, ஆனால் முடிவெடுத்த முறையில் பாரபட்சமோ உள்நோக்கமோ இருந்தால் பார்க்கும். தமிழ்நாட்டில் 1998ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் இருக்கிறது. அதிகாரியின் உத்தரவால் பாதிக்கப்பட்ட ஒப்பந்தக்காரர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய 11ஆவது பிரிவில் வழி உண்டு. உத்தரவு கைக்கு வந்த தேதியை முதலில் பாருங்கள். ப்ராஃபர் ஆராய்ச்சியில் 10 நாள் போய்விடப் போகிறது.


காசிமேட்டான் எழுதியது:

வக்கீல் சார் சொல்றது புரியுது, ஆனா எங்க ஹார்பர்ல கதை வேற. விடியக்காலை போட் வந்ததும் வஞ்சிரத்தைத் தரையில வரிசையா போட்டு ஏலம் கூறுவாங்க. மீன் வச்சிருக்குறவன்தான் ஏலம் விடுறான். சுத்தி நிக்குறவன் கேக்குறான். 'ஏலம் விட்டான், நான் எடுத்தேன்'னுதான் பேச்சு. டெண்டரும் அப்படித்தான் வாயில வந்திருக்கும். ஏலம் விடு, டெண்டர் விடு.


கறுப்பு_கோட்டு எழுதியது:

அருமை. இந்த 'விடு' எங்கிருந்து ஒட்டியது என்று எனக்கே யோசனை இருந்தது. ஏலத்திலிருந்து வந்தது என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஏலத்திலும் சட்டம் அதேதான் சொல்கிறது. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆவது பிரிவு. சுத்தியல் விழும்வரை விற்பனை முடியாது. அதுவரை ஏலம் கேட்டவர் தான் சொன்ன விலையை வாபஸ் வாங்கலாம். உங்கள் ஹார்பரில் சுத்தியல் இல்லை, 'மூணு தரம்' இருக்கிறது. ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவில் வஞ்சிரம் யாருடையது?


காசிமேட்டான் எழுதியது:

போட்காரனுது. மூணு தரம் சொல்லி துண்டைத் தட்டுற வரைக்கும் அவனுதுதான். ஆனா கேட்டுட்டு வாபஸ் வாங்குனா மறுநாள் அவனை யாரும் கிட்ட சேக்க மாட்டாங்க சார். அதெல்லாம் உங்க பிரிவுல வராது.


டீச்சரம்மா_தண்டை எழுதியது:

ஏலம் என்பதும் கப்பலில் வந்த சொல்தான். போர்ச்சுகீசியர்கள் லெயிலாவ் என்பார்கள், அவர்களுக்கு அது அரபியிலிருந்து கிடைத்தது. அறிவிப்பது என்று பொருள். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி வந்த அதே வழி. ஏலத்தில் ஆங்கிலேயர் சொல்லும் பிட் என்பதற்கும் பழைய பொருள் அறிவிப்பது, முன்வைப்பது. அதன் வேர் சமஸ்கிருத போதத்துக்குச் சொந்தம். உணர்த்துவது. புத்தர், போதி, போதனை எல்லாம் அந்தப் பக்கம்.


எர்ணாவூர்_எக்ஸ்பிரஸ் எழுதியது:

புத்தரை ஏலத்துக்குள்ள இழுத்துட்டீங்களே டீச்சர். சரி, ஒரு அடிப்படைக் கேள்வி. ஒப்பந்தப்புள்ளின்னு அழகா தமிழ்ச் சொல் இருக்கும்போது டெண்டர் எதுக்கு? பேப்பர்ல விளம்பரம் வருது, யாரும் வாயால சொல்றதில்ல.


டீச்சரம்மா_தண்டை எழுதியது:

சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. விலைப்புள்ளி என்பதைக் கடைக்காரர்கள் கொட்டேஷனுக்குச் சரளமாகவே எழுதுகிறார்கள். இதில் புள்ளி என்பது கணக்கு, தொகை. புள்ளிவிவரத்தில் இருக்கிறதே, அது. ஆங்கிலச் சொல் கையைப் பார்க்கிறது, நம் சொல் தாளில் எழுதிய தொகையைப் பார்க்கிறது. அலுவலகத் தமிழ் ஒரு விஷயத்தில் தெருப் பேச்சைவிடக் கவனமாக இருக்கிறது: 'ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது' என்பார்கள். கோருவது ஆபீஸ், கொடுப்பது காண்ட்ராக்டர். வக்கீல் சார் இத்தனை பத்தியில் சொன்னது அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது.

மச்சானுக்கு எது மரியாதைச் சொல் என்று வண்ணைவாசி கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் மரியாதை என்பது சொல் எங்கிருந்து வந்தது என்பதில் தொங்குகிறது. பிரெஞ்சு வழி வந்தால் கொஞ்சம் உசத்தி. கிவ்வைவிட ஆஃபர், ஆஃபரைவிட டெண்டர், ப்ராஃபர். நமக்கு யார் யாரிடம் கேட்கிறார் என்பதில் கணக்கு. தொல்காப்பியம் எச்சவியலில் இருக்கிறது: ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது, தா என்பது சமமானவன் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவன் கேட்பது. இரப்போர் சொல்லாக மூன்றையும் வரிசைப்படுத்திய அந்த ஏற்பாடு எப்போதோ கலைந்துவிட்டது. ஈ என்று இன்று யாரும் கேட்பதில்லை, கொடு என்று பிச்சைக்காரரும் கேட்கிறார். ஆனாலும் 'கொடுங்க' என்பதைவிட 'தாங்க' கொஞ்சம் நெருக்கமாக இருப்பது காதில் படுகிறதா?


மூலக்கொத்தளம்_கில்லி எழுதியது:

எங்க பக்கம் 'குடு' மட்டும்தான் டீச்சர். கை நீட்டுறதுன்னா எங்களுக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு அடிக்கிறது, இன்னொண்ணு லஞ்சம் வாங்குறது. டெண்டர் மேட்டர்ல எது பொருந்தும்னு நான் சொல்ல விரும்பல.

லீகல் டெண்டர் கதையை யாராவது சொல்லுங்கபா. ஊர்ப்பக்கம் போனா 10 ரூபா காயினை வாங்க மாட்டேங்கிறான். போன மாசம் ஒரு ஓட்டல்ல சாப்ட்டு முடிச்சுட்டு காயினா எண்ணி வச்சா, செல்லாதுங்கிறான்.


கறுப்பு_கோட்டு எழுதியது:

லீகல் டெண்டர் என்றால், கடனுக்கு ஈடாக இதை நீட்டினால் சட்டம் அதைக் கொடுத்ததாக ஏற்கும் என்று அர்த்தம். ரூபாய் நோட்டுக்கு 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம், 26ஆவது பிரிவு. நாணயத்துக்கு 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம், அதில் ஒரு வரம்பு உண்டு: ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்கள் 1000 ரூபாய் வரை, 50 காசு நாணயம் 10 ரூபாய் வரை. அதற்கு மேல் மூட்டை கட்டி வந்தால் மறுக்கலாம். 10 ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

2016 நவம்பர் 8 இரவு நடந்ததும் இந்தச் சொல்லில்தான். பழைய 500, 1000 நோட்டு கிழியவில்லை, எரியவில்லை. நள்ளிரவோடு லீகல் டெண்டர் இல்லை என்றார்கள், அவ்வளவுதான். 2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெற்றபோது ரிசர்வ் வங்கி சொன்னது வேறு: திரும்பப் பெறுகிறோம், ஆனால் லீகல் டெண்டராகத் தொடரும். இரண்டுக்கும் இடையே அந்த ஒரு சொல்தான் மாறியது. முதல் தடவை வங்கி வாசலில் நாம் எவ்வளவு நேரம் நின்றோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கில்லி விஷயத்தில் சாப்பிட்டு முடித்ததால் கடன் ஏற்பட்டுவிட்டது. நீட்டியது சட்டப்படி செல்லும் காசு. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் 90 ரூபாய்க்கு கேஸ் போட வராதீர்கள்.


வண்ணைவாசி எழுதியது:

ராஜினாமா பாக்கி இருக்கே. மச்சான் லெட்டரோட மூணாவது பாராவுல, சங்கத்துப் பொருளாளர் பதவியை டெண்டர் பண்றேன்னு மெரட்டல் வேற வச்சிருக்கான்.


டீச்சரம்மா_தண்டை எழுதியது:

அங்கே டெண்டர் சரியான சொல். ராஜினாமாவை நீட்டத்தான் முடியும். ஏற்பவர் ஏற்க வேண்டும். ராஜினாமாவும் பாரசீகச் சொல்தான், ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் பத்திரம். சம்மதப் பத்திரமாக இருந்தது இந்தியாவுக்கு வந்து வேலையை விடும் கடிதம் ஆயிற்று. ஆனால் டெண்டர் ரத்து ஆனதற்கும் சங்கப் பதவிக்கும் என்ன சம்பந்தம்?


வண்ணைவாசி எழுதியது:

ஒரு சம்பந்தமும் இல்ல, அந்தப் பாராவை எடுத்தாச்சு.

நேத்து ராத்திரி மச்சானை உக்கார வச்சு இழை முழுக்கப் படிச்சுக் காட்டினேன். முதல்ல ஒத்துக்கல. 'நான் விட்ட டெண்டரா, அவங்க விட்ட டெண்டரா'ன்னு அரை மணி நேரம் அதே கேள்வி. அப்புறம் விளம்பரக் கட்டிங்கை எடுத்து 'கோரப்படுகிறது'ங்கிற வார்த்தையைக் காட்டுனதும் கம்முனு ஆயிட்டான். இங்கிலீஷ் லெட்டரைக் கிழிச்சாச்சு. தமிழ்லயே எழுதிட்டோம்:

"தங்கள் அறிவிப்பில் கோரியபடி, உரிய நாளில், முன்வைப்புத் தொகையுடன் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பித்திருந்தேன். குறைந்த விலை என்னுடையது. ஒப்பந்தப்புள்ளி ரத்து செய்யப்பட்டதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருகிறேன்."

உத்தரவு வந்து 10 நாள் ஆகல, இன்னும் டைம் இருக்கு. வக்கீல் சார், வேற ஏதாவது சேக்கணுமா?


கறுப்பு_கோட்டு எழுதியது:

கடிதம் சுத்தமாக இருக்கிறது. இரண்டு விஷயம். 'மேல்முறையீட்டு உரிமைக்குப் பாதகமின்றி' என்று ஒரு வரி சேருங்கள். காரணம் கேட்டுக் கடிதம் போட்டதால் 10 நாள் கணக்கு நிற்காது, மேல்முறையீட்டைத் தனியாகத் தயார் செய்யுங்கள்.

இரண்டாவது, ஈ.எம்.டி. டெண்டரே ரத்தானதால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு இதே கடிதத்தில் ஒரு பத்தி போடுங்கள். கட்டிய ரசீது எண், தேதி, வங்கிக் கணக்கு விவரம். மறு டெண்டருக்கு அதையே வைத்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்னால் கேட்காதீர்கள். நேரில் கொடுத்து, ஆபீஸ் காப்பியில் தேதியோடு சீல் வாங்குங்கள்.


மூலக்கொத்தளம்_கில்லி எழுதியது:

அட்டெண்டர் கையில குடுத்துட்டு வந்துடாத. சூப்பரின்டெண்டென்ட் கிட்ட போ.


வண்ணைவாசி எழுதியது:

சீல் வாங்கியாச்சு. ஈ.எம்.டி. திரும்ப மூணு மாசம் ஆகும்ங்கிறாங்க.